மூன்று வருட டிரெய்லரும் ஒரு வெள்ளை வயரும்

போன வாரம் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து நண்பன் கூப்பிட்டான். பழைய கார் ஒன்று வாங்கப் போகிறானாம். அதை ஏற்றிப் போக, என்னுடையதைப் போலவே ஒரு திறந்த டிரெய்லர் அதே பட்டறையில் செய்யக் கொடுக்கலாமா என்று கேட்டான். அன்று மத்தியானம்தான் செலாயாங் வீட்டு வாசலில் அந்த டிரெய்லருக்கு அடியில் படுத்து வயரிங்கைச் சரிசெய்து முடித்திருந்தேன். கையில் கிரீஸ்கூடப் போகவில்லை. அதனால் என் பதில் கொஞ்சம் சூடாகவே வந்துவிட்டது. இங்கே நிதானமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

இரும்பு வேலையில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இரட்டை அச்சு, நாலு சக்கரத்துக்கும் எலக்ட்ரிக் பிரேக், செக்கர் பிளேட் தளம், பின்பக்கம் தாழ்ந்து இறங்கும் சரிவு. அப்பா 1987இல் வாங்கிய புரோட்டோன் சாகாவைத் தகர வேலைக்கும் பெயிண்டுக்கும் பட்டர்வொர்த் கொண்டுபோகத்தான் இதைச் செய்யக் கொடுத்தேன். அப்புறம் நண்பர்களின் கார்களை ஏற்றிக்கொண்டு செப்பாங் பந்தயத் தடத்துக்கும் பல தடவை போயாயிற்று. மூன்று வருடத்தில் ஒரு வெல்டிங்கூட விரிசல் விடவில்லை. ஒருமுறை தாப்பாவைத் தாண்டியதும் இடப்பக்கப் பின் டயர் வெடித்தது. ஒற்றை அச்சாக இருந்திருந்தால் கதை வேறு. பக்கத்து டயர் சுமையைத் தாங்கிக்கொண்டது. டிரெய்லர் துளியும் ஆடாமல் ஓரத்துக்கு வந்து நின்றது. காருக்குத் திறந்த டிரெய்லர் வாங்குகிறவர்கள் பணம் கொஞ்சம் கூடினாலும் இரட்டை அச்சே வாங்குங்கள்.

கார் தளத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. முதல் பயணத்தில் தஞ்சோங் மாலிம் பக்கம் 80ஐத் தொட்டதும் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தது. உடனே வேகத்தைக் குறைத்து, மிச்ச தூரத்தை லோரிகளின் பின்னாலேயே ஓட்டினேன். டிரெய்லரும் காரும் சேர்ந்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு டோ பாலின் மேல், அதாவது இழுக்கும் வண்டியின் பின்னால் டிரெய்லரை மாட்டும் இரும்புக் குண்டின் மேல், உட்கார வேண்டும். என் கணக்கில் டிரெய்லர் 700 கிலோ, சாகா ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. ஆக, ஏறத்தாழ 200 கிலோ வேண்டும்.

அதை வீட்டுத் தராசிலேயே அளக்கலாம். ஒரு பலகையின் ஒரு முனையைச் செங்கல் மேலும் மறுமுனையைத் தராசின் மேலும் வையுங்கள். செங்கலிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் டிரெய்லரின் மூக்கை இறக்குங்கள். தராசு காட்டுவதை மூன்றால் பெருக்கினால் எடை கிடைத்துவிடும். எனக்கு வந்தது 90 கிலோ. காரை இரண்டு சாண் முன்னால் நகர்த்தியதும் 200 பக்கம் வந்தது. முன் சக்கரம் நிற்க வேண்டிய இடத்தில் மஞ்சள் கோடு போட்டேன். அந்த ஆட்டம் அதற்குப் பிறகு வரவில்லை. காரை டிரெய்லரோடு இழுத்துக் கட்டும் பெல்ட்டையும் காரின் உடம்பில் கட்டாதீர்கள், டயரைச் சுற்றிக் கட்டுங்கள். உடம்பில் கட்டினால் ஸ்பிரிங் அமுங்கி எழும்ப எழும்ப பெல்ட் தளர்ந்துபோகும். எப்படிக் கட்டினாலும் ராவாங் ஆர் அண்ட் ஆர் ஓய்விடத்தில் ஒருமுறை நிறுத்தி இறுக்கிவிட்டுத்தான் மேலே போவேன்.

சரி, என் கோபத்துக்கு வருகிறேன்.

முதல் மாதத்திலிருந்தே விளக்கு தகராறு. டிரெய்லர் காலியாக ஓடும்போது பின் விளக்குகள் மினுக்கும். இடது சிக்னல் போட்டால் வலது பக்க விளக்கும் சேர்ந்து மங்கி மங்கி எரியும். காரை ஏற்றிவிட்டால் எல்லாம் ஒழுங்காக எரியும். பட்டறைக்கு இரண்டு தடவை கொண்டுபோனேன். வாசலில் நிறுத்தி சுவிட்சைப் போட்டுப் பார்ப்பார்கள், எரியும். விளக்கை மாற்றினார்கள், டிரெய்லர் வயரை வண்டியோடு இணைக்கும் பிளக்கை மாற்றினார்கள். எல்லா டிரெய்லரும் இப்படித்தான் என்றும் சொன்னார்கள். நானும் மழைத் தண்ணீர் உள்ளே போகிறது என்று நினைத்துக்கொண்டு பிளக்கைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். நடுவில் டோ பால் கிறீச்சிடுகிறதே என்று கிரீஸ் பூசினேன். விளக்கு இன்னும் மோசமானது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

விளக்கோடு போயிருந்தால் இவ்வளவு எழுதமாட்டேன். போன மாதம் பட்டர்வொர்த்திலிருந்து சாகாவை ஏற்றிக்கொண்டு ராத்திரி மழையில் திரும்பினேன். மெனோரா சுரங்கப்பாதைப் பக்கத்து இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் பின்னாலிருந்து டிரெய்லர் தள்ளுகிறது. டிரெய்லர் பிரேக்கின் பிடிப்பைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலர் திருகை முழுவதும் ஏற்றினேன், பிடிப்பு கூடவில்லை. கியரைக் குறைத்து மெதுவாக இறக்கினேன். தாப்பாவில் நிறுத்தியபோது பின்னாலேயே வந்த ஒரு லோரிக்காரர், "அண்ணே, நீங்க பிரேக் போட்டா உங்க டிரெய்லர் விளக்கு செத்துப்போகுது" என்றார். அப்பாவின் கார் மேலே நிற்கிறது, பின்னால் வருகிறவர்களுக்கு நான் பிரேக் போடுவதே தெரியவில்லை. அந்த ராத்திரி வீடு வந்து சேரும்வரை வயிறு கலங்கியபடியே இருந்தது.

மறுநாள் மீட்டரை எடுத்தேன். ஒரு முனையை டிரெய்லரை இழுக்கும் என் டி-மேக்ஸ் வண்டியின் பேட்டரி நெகட்டிவில் வைத்தேன், மறுமுனையை டிரெய்லர் இரும்பில் வைத்தேன். மகனைப் பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி, ஒழுங்காக இருந்தால் அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். 4 வோல்ட் காட்டியது. பிளக்கைக் கழற்றினால், டிரெய்லர் பக்கத்தில் வெள்ளை வயர் வர வேண்டிய முனை காலியாக இருக்கிறது. அந்த வெள்ளை வயர்தான் எர்த். அதைப் போடவே இல்லை. விளக்கு, பிரேக் எல்லாவற்றின் எர்த்தையும் டிரெய்லர் இரும்பில் முறுக்கிவிட்டார்கள். கரண்ட் திரும்பிப் போக இருந்த வழி டோ பாலும் சங்கிலியும் மட்டும்தான்.

இப்போது எல்லாம் புரிகிறது. கார் ஏறியதும் எடை டோ பாலை அழுத்துகிறது, இரும்பும் இரும்பும் ஒட்டுகின்றன, விளக்குக்கு வேண்டிய கொஞ்சம் கரண்ட் போய்விடுகிறது. காலியாக ஓடும்போது டோ பாலின் மேல் டிரெய்லர் துள்ளுகிறது, விளக்கு மினுக்குகிறது. நான் பூசிய கிரீஸ் அந்தக் கொஞ்ச ஒட்டுதலையும் கெடுத்தது. பிரேக்கோ ஒரு சக்கரத்துக்கே ஏறக்குறைய 3 ஆம்பியர் கேட்கும், நாலுக்கும் 12. அவ்வளவு கரண்ட் கிரீஸ் பூசிய டோ பால் வழியாக எப்படிப் போகும்?

6 சதுர மில்லிமீட்டர் வயர் ஒன்றைப் பிளக்கிலிருந்து கடைசி விளக்குவரை இழுத்தேன். ஒவ்வொரு விளக்கின் எர்த்தையும், ஒவ்வொரு பிரேக்கின் எர்த்தையும் அதில் சேர்த்து ஈயம் வைத்தேன். பொருளுக்கு 120 வெள்ளி, இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. இப்போது மீட்டர் 0.2 வோல்ட் காட்டுகிறது. நேற்றுச் சாயங்கால மழையில் காலி டிரெய்லரோடு ராவாங்வரை போய் வந்தேன். மகன் தன் காரில் பின்னாலேயே வந்து பார்த்தான். ஒரு விளக்கும் மினுக்கவில்லை.

வண்டியைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பிடிக்கிறது. விற்கமாட்டேன். ஆனால் அதே பட்டறையில் இன்னொன்று செய்யக் கொடுப்பேனா என்றால், மாட்டேன். நண்பனிடமும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். வெல்டிங் அவ்வளவு அழகாக இருக்கிறதே என்றான் அவன். அழகுதான். ஆனால் பிரேக் நம்பியிருக்கும் வயரை விட்டுவிட்டு, கேட்டபோது எல்லா டிரெய்லரும் இப்படித்தான் என்று சொன்னவர்கள், என் கண்ணுக்குத் தெரியாத வேறு எதை விட்டிருப்பார்களோ. நாலு சக்கரத்தின் பேரிங்கையும் அடுத்த வாரம் கழற்றிப் பார்க்கப் போகிறேன்.

வேறு பட்டறை பார்த்து வைக்கும்படி அவனிடம் சொல்லியிருக்கிறேன். பதிவு, சாலை வரி விவரங்களை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகாவில்) கேட்டுவிடச் சொன்னேன். டிரெய்லர் தயாரானதும் மீட்டரோடு நானே பினாங்குக்கு வருகிறேன், அதுவரை மிச்சப் பணத்தைக் கொடுக்காதே என்றும் சொல்லிவிட்டேன்.