ரெக்கவரி பாய்லர் படிவு: ஊதுவதா, குளிர்விப்பதா, கழுவுவதா?

கிராஃப்ட் முறைக் கூழ் ஆலைகளில் மரத்தை வேகவைத்தபின் எஞ்சும் கருஞ்சாற்றை எரிக்கும் ரெக்கவரி பாய்லரில், குழாய்களின்மேல் படிவது வெறும் கரி அன்று. பெரும்பாலும் சோடியம் சல்பேட்டும் சோடியம் கார்பனேட்டும் கலந்த உப்பு. அந்த உப்பில் ஏறக்குறைய 15 விழுக்காடு உருகியிருந்தால் அது குழாயில் ஒட்டத் தொடங்கும்; 70 விழுக்காடு உருகினால் தானாகவே வழிந்துவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலைதான் தொல்லை. குளோரைடும் பொட்டாசியமும் கூடக்கூட, ஒட்டத் தொடங்கும் வெப்பநிலை இறங்கிக்கொண்டே போகும்.

பாய்லர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கைகொடுப்பது நீராவி சூட்புளோயர், அதாவது நீராவியைப் பாய்ச்சிப் படிவை உதிர்க்கும் கருவி. லான்ஸ் எனும் நீண்ட குழல் சுழன்றபடி குழாய் வரிசைகளுக்கிடையே நுழைய, அதன் நுனியில் எதிரெதிராக அமைந்த இரண்டு நாசில்களிலிருந்து (குறுகிய வாய்களிலிருந்து) நீராவி ஒலியைவிட வேகமாகப் பாய்கிறது. ஆயினும் ஜெட் திருகுசுருளாக நகர்வதால் எந்த ஒரு குழாயின்மீதும் அது நேராகப் படுவது கணநேரமே. நொறுங்கும் தன்மையுள்ள மெல்லிய படிவுக்கு அது போதும். இறுகிவிட்ட படிவு அசைந்து கொடுக்காது. இதற்கான விலையும் சிறிதன்று: பாய்லர் உண்டாக்கும் நீராவியில் 3 முதல் 12 விழுக்காடு வரை இதிலேயே கரைந்துவிடும். லான்ஸ் உள்ளே போகும்போதே பெரும்பகுதி உதிர்ந்துவிடுவதால், திரும்பும் பயணத்தில் நீராவியைக் குறைத்துவிட்டு, அடைப்பு ஏறும் இடத்தில் அடிக்கடி ஊதுவதே சிக்கனம். எல்லாப் புளோயர்களையும் ஒரே வரிசையில் சலிக்காமல் ஓட்டும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை.

உரத்த ஒலியின் அதிர்வால் படிவை உதிர்க்கும் ஒலிக் கொம்புகள், புகைவாயுவின் எஞ்சிய வெப்பத்தால் பாய்லருக்குச் செல்லும் நீரைச் சூடாக்கும் எக்கனாமைசர் பகுதியின் உலர்ந்த தூளுக்குச் சரி. நீராவியை மேலும் சூடேற்றும் சூப்பர்ஹீட்டரில் பாதி உருகி ஒட்டிய உப்பிடம் அவை பலிக்காது.

நீர் நீராவியாகும் குழாய்த் தொகுதியான பாய்லர் பேங்கின் குறுக்கே புகைவாயுவின் அழுத்த வேறுபாடு ஏறிக்கொண்டே போனால் (அது அடைப்பின் அறிகுறி), கருஞ்சாற்றை நிறுத்திப் பாய்லரைக் குளிரவிட்டு, சூட்புளோயர்களை ஓட்டும் முறைக்கு மாறலாம். உப்பும் எஃகும் ஒரே அளவில் சுருங்காததால் படிவு விரிசல்விட்டுப் பாளம் பாளமாகக் கழன்று விழும். கழுவுவதைவிட விரைவில் முடிந்துவிடும் என்பது இதன் சிறப்பு. இண்டு இடுக்குகளில் மிச்சம் தங்கிவிடும் என்பது குறை.

முழுமையாகச் சுத்தமாக்குவது தண்ணீர்க் கழுவல் மட்டுமே, ஏனெனில் இந்த உப்பு தண்ணீரில் எளிதில் கரையும். ஆபத்தும் அதே தண்ணீரில்தான் இருக்கிறது. உலைத்தரையில் குவிந்த படுகை மேலே கறுத்து ஆறியதுபோலத் தோன்றினாலும் உள்ளே ஸ்மெல்ட் (கருஞ்சாறு எரிந்தபின் எஞ்சும் உப்பு) உருகிய நிலையில் வெகுநேரம் இருக்கக்கூடும். அதைத் தண்ணீர் தொட்டால் வெடிக்கும். ஆகவே படுகைக்குள் பல இடங்களில் தெர்மோகப்பிள் எனும் வெப்ப அளவியைச் செருகி வெப்பநிலையைப் பார்க்காமல் தண்ணீரைத் திறக்கக் கூடாது. தொடங்கிய கழுவலை அரைகுறையாக நிறுத்தவும் கூடாது: நனைந்த உப்பைக் குழாய்களுக்கிடையே விட்டுவிட்டுத் தீமூட்டினால், அது காய்ந்து முன்னைவிடக் கெட்டியாக இறுகி, சூட்புளோயருக்கு அடங்காததாகிவிடும்.