கிரெடிட் குடுக்குறோம் சிஸ்டர்னு கேட்டா ஒரிஜினல் ஃபைல அனுப்பிறாதீங்க

நம்ம ராமநாதபுரம் கடக்கரையில படம் வரையிற, போட்டோ எடுக்குற, ஓலை பின்னுற, சங்குல வேலை பாக்குற எல்லாரும் இத ஒருதடவ முழுசா படிச்சிருங்க. கொஞ்சம் நீளமாத்தான் வரும். ஆறு மாசமா மனசுக்குள்ளயே வச்சு புழுங்கிட்டு கெடந்தேன், நேத்து ஒரு விஷயம் கேள்விப்பட்ட பெறகு இனிமே சும்மா இருக்கக்கூடாதுன்னு தோணுச்சு, அதான் உக்காந்து எழுதுறேன்.

நான் மண்டபம் பக்கம். பகல்ல ஜெராக்ஸ் கடையில டைப்பிங் வேலை, ராத்திரி டேப்ல ஐபிஸ் பெயிண்ட்ங்குற ஆப் வச்சு படம் வரைவேன். கல்யாணப் பத்திரிக்கை, காலண்டர், கடை போர்டுன்னு மாசம் ரெண்டு மூணு ஆர்டர் வரும். அந்த ஆர்டர் அத்தனையும் என் இன்ஸ்டா பக்கத்தப் பாத்துட்டு வர்றதுதான், வேற விளம்பரம்னு ஒண்ணும் கெடையாது. இத ஏன் மொதல்லயே சொல்றேன்னா, பேரு போடலன்னா என்ன கொறஞ்சு போச்சு, பெருமைக்குத்தான கேக்குறன்னு என்கிட்டயே ரெண்டு பேரு கேட்டுட்டாங்க. படத்துக்குக் கீழ என் பேரு இருந்தாத்தான் அடுத்த ஆர்டர் என் வீட்டுக்கு வழி தெரிஞ்சு வரும், பேரு இல்லன்னா வேற வீட்டுக்குப் போயிரும், எனக்கு அவ்ளோதான் கணக்கு.

எங்க பெரியாத்தா பாசி எடுக்கப் போறவங்க. அமாவாசைய ஒட்டி கொஞ்ச நாளு, பௌர்ணமிய ஒட்டி கொஞ்ச நாளு, தென்கடல்ல முங்கி பாறையில ஒட்டியிருக்குற மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை எல்லாம் பிச்சு இடுப்புல கட்டுன வலைப்பையில போட்டுக்கிட்டு வருவாங்க. பாறை அறுக்காம இருக்க பழைய கைலியக் கிழிச்சு ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியா சுத்தி நூல் போட்டுக் கட்டிக்குவாங்க, சேலைக்கு மேல பெரியப்பாவோட பழைய சட்டை, நெத்தியில ஏத்திவிட்ட கண்ணாடி, காலுக்கு ரப்பர் செருப்பு, அது தண்ணிக்குள்ள கழண்டு போயிராம கணுக்காலோட சேத்து நைலான் நூல்ல ஒரு கட்டு. அப்படி கரைக்கு ஏறி வந்து மணல்ல உக்காந்த ஒரு காலையில அவங்கள பாத்து ஸ்கெட்ச் எடுத்தேன், பெறகு 11 ராத்திரி ஆச்சு முடிக்க. அந்தக் கணுக்கால் கட்டு மட்டும் மூணு தடவ அழிச்சு அழிச்சு வரைஞ்சேன், ஏன்னா நூலு இறுக்குன எடத்துல தோலு வெள்ளையா வரிவரியா ஊறிப்போயி இருக்கும், அது சரியா வந்தாத்தான் அது எங்க பெரியாத்தா காலு. என் பேர அந்தக் காலுக்குப் பக்கத்துலயே மணல்ல எழுதுன மாதிரி போட்டேன்.

படத்த போட்டு நாலாவது நாளு மெசேஜ் வந்துச்சு. ராமேஸ்வரம், தனுஷ்கோடி சுத்திப்பாக்க வர்றவங்களுக்காக நடத்துற ஒரு பேஜ், லட்சத்துக்கு மேல ஃபாலோயர்ஸ். பேரு சொல்லப்போறதில்ல, இந்த மாதிரி ஒண்ணு இல்ல பல பேஜ் இருக்கு, எல்லாம் ஒரே மாதிரிதான் பேசுது. "சூப்பர் ஆர்ட் சிஸ்டர், நம்ம பேஜ்ல போட்டுக்கலாமா, கண்டிப்பா கிரெடிட் குடுக்குறோம், ஹை ரெசல்யூஷன் ஃபைல் இருந்தா மெயில் பண்ணிவிடுங்க"ன்னு. எனக்கு அன்னைக்கு இருந்த சந்தோஷத்துல எதையும் யோசிக்கல, பெருசா பிரிண்ட் போடுற சைஸுல இருந்த ஃபைல அப்படியே அனுப்பிட்டேன். இன்ஸ்டாவுல ஒரு படத்தப் போட அவ்ளோ பெரிய ஃபைல் தேவையே இல்ல. இந்த எடத்த மட்டும் ரெண்டு தடவ படிங்க. பேஜ்ல போடத்தான் கேக்குறோம்னு சொல்லிட்டு பெரிய ஃபைல் கேட்டாங்கன்னா, வேற எதுக்கோ வேணும்னுதான் அர்த்தம்.

மறுநா போட்டாங்க. கேப்ஷன்ல கடலப் பத்தி நாலு கவிதை வரி, அதுக்குக் கீழ ஹேஷ்டேக் ஒரு குவியல், அந்தக் குவியலுக்கு அடியில "ஆர்ட்: இன்ஸ்டா ஃப்ரெண்ட்". என் ஐடி இல்ல, டேக் இல்ல. கேட்டேன், மறந்துட்டோம் சிஸ்டர்னு சொல்லி பேரப் போட்டாங்க, ரெண்டு நாளு கழிச்சு போய்ப் பாத்தா கேப்ஷன எடிட் பண்ணி பேரத் தூக்கிருந்தாங்க. மறுபடி கேட்டேன், பதில் இல்ல. அடுத்த வாரம் அதே படத்த ஒரு ரீல்ஸுல பாட்டோட போட்டாங்க, அதுல படத்தோட அடிப்பக்கத்தையே வெட்டிட்டாங்க. மணல்ல இருந்த என் பேரு போச்சு, அதோட சேந்து பெரியாத்தாவோட ரெண்டு காலும் போச்சு, வெட்டுன எடத்துல அவங்க லோகோ. எனக்குப் பேரு போனதுகூட அப்புறம்தான், அந்தக் கால வெட்டிட்டு "உழைக்கும் கரங்கள்"னு தலைப்பு வச்சிருந்தாங்க பாருங்க, அன்னைக்கு ராத்திரி எனக்கு சோறு எறங்கல.

அதோட முடியல. எங்க சித்தி மகன் ராமேஸ்வரத்துல ஆட்டோ ஓட்டுறான், சவாரி எறக்கிவிடப் போன எடத்துல ஒரு லாட்ஜ் ரிசப்ஷன்ல என் படம் ஆறடி ஒசரத்துக்கு பிரிண்ட் போட்டு ஃப்ரேம் மாட்டி இருக்குன்னு போட்டோ எடுத்து அனுப்புனான். போய் விசாரிச்சேன். அந்த மேனேஜர் பாவம் நல்ல மனுசன், அந்தப் பேஜ்காரங்ககிட்ட உள்ளூர் படம் வேணும்னு காசு குடுத்து மொத்தமா வாங்குனதா சொன்னாரு, உங்க படம்னு எங்களுக்குத் தெரியாதும்மான்னாரு. எனக்கு ஹை ரெசல்யூஷன் கேட்டது ஏன்னு அங்க நின்னுகிட்டு இருக்கும்போதுதான் வெளங்குச்சு.

பேஜ் அட்மினுக்கு போன் போட்டேன். "இவ்ளோ பேருக்கு உங்க படத்தக் கொண்டு சேத்துருக்கோம், எக்ஸ்போஷர் குடுத்தோம்ல சிஸ்டர்"னாரு. பேரு இல்லாம எக்ஸ்போஷர் யாருக்குண்ணே, உங்களுக்கா எனக்கான்னு கேட்டேன், கட் பண்ணிட்டாரு.

எல்லாத்தவிட வலிச்சது இதுதான். ராமநாதபுரத்துல ஒரு கடைக்காரர் காலண்டருக்குப் படம் வேணும்னு கேட்டு சாம்பிள் காட்டச் சொன்னாரு, நான் பெரியாத்தா படத்தக் காட்டுனேன். ஒரு நிமிஷம் உத்துப் பாத்துட்டு, "இது அந்தப் பேஜ்ல வந்த படமாச்சேம்மா, அடுத்தவங்க படத்த உன் படம்னு காட்டுறியே, இது தப்பில்லையா"ன்னுட்டாரு. கடையில நாலு பேரு நின்னாங்க. நான் வரைஞ்ச படத்துக்கு நானே திருடி ஆயிட்டேன். அந்த ஆர்டரு போனது போனதுதான்.

வீட்டுக்கு வந்து ஒரு மூச்சு அழுதுட்டு பெறகு ஒவ்வொண்ணா எடுத்து வச்சேன். ஐபிஸ் பெயிண்ட்ல ஒரு நல்ல விஷயம், மொத கோட்டுலருந்து கடைசி வரைக்கும் வரையிற வீடியோவ அதுவே பதிவு பண்ணி வச்சிருக்கும். ஒவ்வொரு லேயரும் தனித்தனி அடுக்கா அப்படியே இருக்குற ஒரிஜினல் ஃபைலும் என்கிட்ட இருந்துச்சு. பத்தாததுக்கு வலைப்பையோட கண்ணிக்குள்ள என் பேரோட மொத எழுத்த சின்னதா பின்னி வச்சிருந்தேன், கால வெட்டுன பெறகும் அது படத்துல அப்படியே இருந்துச்சு. இத்தனையும் வச்சு இன்ஸ்டாவுல காப்பிரைட் புகார் குடுக்குற ஃபார்ம் இருக்குல்ல, அதுல போட்டேன். சாதாரணமா ரிப்போர்ட் அமுக்குறது வேற, இந்த ஃபார்ம் வேற, இதுல ஒரிஜினல் லிங்க், அவங்க போட்ட லிங்க் ரெண்டையும் குடுக்கணும். கொஞ்ச நாளுல ரெண்டு போஸ்ட்டையும் தூக்கிட்டாங்க. லாட்ஜ் மேனேஜர் அவரா கூப்ட்டு ஃப்ரேமுக்குக் கீழ என் பேரையும் ஊரையும் எழுதி ஒட்டிட்டேன்னு போட்டோ அனுப்புனாரு. பேஜ்கிட்ட இருந்து அஞ்சு பைசா வரல.

தெரிஞ்ச வக்கீல் அண்ணன் ஒருத்தர்கிட்ட கேட்டப்ப சில விஷயம் சொன்னாரு, எனக்கு அதுவரைக்கும் தெரியாது. 1957 காப்பிரைட் சட்டப்படி படத்த வரைஞ்ச நிமிஷமே உரிமை நம்மளது, பதிவு பண்ணியிருந்தாத்தான் செல்லும்னு கெடையாது, பதிவு பண்ணா சாட்சிக்கு உதவும், அவ்ளோதான். 57வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, உரிமையவே நாம வித்துட்டாலும் இது நான் செஞ்சதுன்னு சொல்லிக்கிற உரிமை நம்மகிட்டதான் இருக்கும், நம்ம பேரு கெடுற மாதிரி வெட்டிச் சிதைச்சா தட்டிக் கேக்கவும் முடியும். டெல்லி விஞ்ஞான் பவன்ல இருந்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்த அரசாங்கம் எடுத்து சேதம் பண்ணி வச்சதுக்கு அமர்நாத் சேகல்னு ஒரு சிற்பி வருஷக்கணக்கா கேஸ் நடத்துனாரு, 2005ல டெல்லி ஹைகோர்ட் அந்தச் சிற்பத்த அவருகிட்டயே திருப்பிக் குடுக்கச் சொல்லி 5 லட்சம் நஷ்டஈடும் குடுக்கச் சொல்லுச்சு, இதே பிரிவ வச்சுத்தான். ஆனா ஒண்ணு, காசு வாங்கிட்டு ஒருத்தருக்காக போட்டோ எடுத்துக் குடுத்தா, வேற மாதிரி ஒப்பந்தம் பேசிக்கலன்னா, அதோட உரிமை காசு குடுத்தவருக்குப் போயிரும். கல்யாண போட்டோ எடுக்குற தம்பிங்க இதக் கவனிச்சுக்கங்க. இன்னொண்ணு, பேரு போட்டுட்டா அனுமதி வாங்குன மாதிரி ஆயிராது. கேக்கவும் செய்யணும், பேரும் போடணும்.

இவ்ளோ பேசுற நானும் ஒரு தப்பு பண்ணியிருக்கேன், அத மறைச்சுட்டு இத எழுத மனசு வரல. ரெண்டு வருஷம் முன்னாடி சாயல்குடி பக்கம் ஒரு அக்கா பின்னுன ஓலைக்கொட்டான போட்டோ எடுத்து "நம்ம மண்ணின் கைவண்ணம்"னு போட்டேன். நெறய பேரு எங்க கெடைக்கும்னு கேட்டாங்க, நான் ஹார்ட்டு மட்டும் போட்டுட்டு விட்டுட்டேன். பெறகு அந்த அக்காவ பாத்தப்ப, "என் கொட்டான ஊரே பாத்துச்சாமே ஆத்தா, யாரு பின்னுனதுன்னு ஒருத்தரும் கேக்கலையா"ன்னாங்க. கோவமாகூட கேக்கல. காலண்டர்க் கடையில நின்னப்ப எனக்கு அந்த அக்கா மொகந்தான் ஞாபகம் வந்துச்சு. இப்ப அந்தப் பழைய போஸ்ட்ட எடிட் பண்ணி, அவங்ககிட்ட கேட்டுட்டு, பேரையும் ஊரையும் மொத வரியிலயே போட்டுட்டேன். மண்ணுக்கு கை கெடையாது, பின்னுனது அந்த அக்கா கை.

நம்ம பக்கம் இது ரொம்ப ஜாஸ்தி. 2025 ஏப்ரல் 6 புது பாம்பன் பாலம் தெறந்தப்ப ஒரே ட்ரோன் வீடியோவ நானே ஏழெட்டு பேஜ்ல பாத்தேன், எடுத்தவர் யாருன்னு ஒரு எடத்துலயும் இல்ல. தனுஷ்கோடி படம்னு வாட்ஸ்அப்ல சுத்துறது இன்னும் மோசம். 1964 டிசம்பர் புயலுக்கு முன்னாடி எடுத்ததுன்னு ஒரு கலர் படம் எங்க குடும்ப குரூப்புல வந்துச்சு, பாத்தா ஏஐ போட்ட படம், சர்ச்சுல இல்லாத கோபுரம்லாம் இருந்துச்சு. அந்தப் புயல்ல சொந்தத்த பறிகுடுத்த வயசான ஆளுங்க அதப் பாத்து அழுகுறாங்க. எடுத்தவர் பேரு, எங்க எப்ப எடுத்ததுன்னு கூட வந்துருந்தா நிஜப்படம் எது, பொய் எதுன்னு தெரிஞ்சிருக்கும்ல.

ஷேர் பண்றவங்ககிட்ட கேட்டுக்கிறது இதுதான். ஸ்க்ரீன்ஷாட் எடுக்காதீங்க, இன்ஸ்டாவுலயே ஸ்டோரிக்கு ஷேர் பண்ற பட்டன் இருக்கு, அதுல போட்டா ஐடி தானா கூட வரும். வாட்ஸ்அப்புக்கு படத்த டவுன்லோட் பண்ணி அனுப்புறதுக்குப் பதிலா லிங்க்க அனுப்புங்க. பேர மொத வரியிலயே போடுங்க, கீழ போட்டா "மோர்" அமுக்குனாத்தான் தெரியும், யாரும் அமுக்குறதில்ல. யாரு வரைஞ்சதுன்னு தெரியலன்னா கூகுள் லென்ஸ்ல போட்டு ரெண்டு நிமிஷம் தேடுங்க, அப்பவும் தெரியலன்னா போடாம விட்டுருங்க, "கிரெடிட் உரியவருக்கே"ன்னு போடுறது எங்கள மாதிரி ஆளுகளுக்கு ஒண்ணும் போடாததுக்கு சமம்.

வரையிறவங்க, எடுக்குறவங்க: பெரிய ஃபைல் யாருக்கும் சும்மா போகக்கூடாது. பேர ஓரத்துல போடாம வெட்ட முடியாத எடத்துல போடுங்க. போட்டோவ வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்புனா எந்த கேமரா, எந்தத் தேதின்னு உள்ள இருக்குற விவரம்லாம் போயிரும், அதனால ஒரிஜினல மெமரி கார்டுலருந்து அழிக்காம வேற எடத்துலயும் ஒரு காப்பி வச்சிருங்க. யாராவது கேட்டா எங்க போடுவீங்க, எப்படி பேரு போடுவீங்க, விக்க மாட்டீங்கல்லன்னு மெசேஜ்லயே எழுதி வாங்கிக்கங்க, போன்ல பேசுனது நிக்காது.

நேத்து கேள்விப்பட்டேன்னு சொன்னேன்ல, தொண்டி பக்கம் ஒரு தம்பி, காலேஜ் படிக்கிறான், விடியக்காலையில மீன்பிடி வல்லம் கரையேறுறத அவ்ளோ அழகா போட்டோ எடுப்பான். அவனுக்கு ஒரு மெசேஜ் வந்துருக்கு, பேஜ் பேரு புதுசு, வாசகம் எனக்கு வந்ததேதான், சிஸ்டர்ங்குற எடத்துல மட்டும் ப்ரோ. பாத்த ஒடனே அனுப்பாதடான்னு போன் போட்டேன். அனுப்பிட்டேன்க்கா, 23 போட்டோன்னான். இன்னைக்கு காலையிலருந்து அவனோட பழைய மெமரி கார்டுகள ஒண்ணொண்ணா போட்டு ஒரிஜினல் தேடிட்டு இருக்கோம், இதுவரைக்கும் 14 கெடச்சிருக்கு.