பீன்யா பிளாஸ்மா பெட்டி: எட்டு மாதம் ஓட்டியதில் தெரிந்தது

சொந்த ஊர் கோவில்பட்டி. பெங்களூரில் ஒரு லேபில் செல் வளர்ப்பது என் வேலை. பீன்யாவில் ஒரு சின்ன கம்பெனி செய்து தரும், மேஜை மேல் வைக்கிற பிளாஸ்மா கிளீனரை எட்டு மாதமாக ஓட்டுகிறேன். உள்ளே காற்றைக் குறைத்து, மிச்சத்தை மின்சாரத்தால் ஒளிரும் வாயுவாக்கி (அதுதான் பிளாஸ்மா; ரத்தப் பிளாஸ்மா அல்ல), பொருளின் மேற்பரப்பைப் பக்குவம் செய்யும் பெட்டி இது.

நாங்கள் ஊற்றிச் செய்யும் பிடிஎம்எஸ் (ஒரு வகை சிலிகோன் ரப்பர்) தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், தாமரை இலை மேல் நிற்பது போல உருண்டு நிற்கும். சொட்டின் ஓரம் தகட்டோடு சேரும் கோணம் 110 டிகிரிக்குப் பக்கம். அதில் செல் உட்காராது. செல் தகட்டை நேராகப் பிடிப்பதில்லை. செல்லுக்கு ஊற்றும் கரைசலில் சேர்க்கிற சீரத்தில் (ரத்தத்திலிருந்து எடுப்பது) உள்ள ஃபைப்ரோனெக்டின் மாதிரிப் புரதம் முதலில் பரப்பில் வாகாகப் படிய வேண்டும். அதைத்தான் செல் பற்றிக்கொள்ளும். ஒரு நிமிடம் பிளாஸ்மா காட்டினால் (சூடம் காட்டுகிற மாதிரி, எங்கள் லேபில் அப்படித்தான் சொல்வோம்) அதே சொட்டு தோசை மாவாகப் படர்ந்துவிடும். அந்த ஊதா வெளிச்சத்தை இன்னமும் நின்று வேடிக்கை பார்க்கிறேன்.

குறை, கூட வரும் கையேட்டில். பொங்கலுக்குக் கிளம்பும் அவசரத்தில் பன்னிரண்டு தகடுகளுக்குப் பிளாஸ்மா காட்டி, டப்பாவில் மூடி வைத்துவிட்டுப் போனேன். ஐந்து நாள் கழித்து வந்து எம்ஜி-63 செல்களை (எலும்புப் புற்றிலிருந்து வந்த மனித செல் வகை) விட்டேன். மறுநாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், எல்லாம் ஜவ்வரிசி போல உருண்டையாக மிதக்கின்றன! பிடிஎம்எஸ்ஸின் உள்ளே இருக்கும் சின்ன மூலக்கூறுச் சங்கிலிகள் மெல்ல மேலே வந்து, பரப்பைப் பழையபடி தண்ணீர் ஒட்டாததாக மாற்றிவிடுமாம். கையேட்டில் எர்த்திங் பற்றி ஆறு பக்கம் இருக்கிறது, இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

சர்வீஸ் தம்பிக்கு ஓசூர். "அது எல்லாருக்கும் தெரியுமே அக்கா" என்றார். எனக்குத் தெரியாதே! "அன்னைக்கே செல் விட்டுடுங்க. முடியலைன்னா தண்ணியில போட்டு வைங்க, கொஞ்சம் தாங்கும்."

ஆனால் கதவு ரப்பர் வளையம் கசிந்தபோது அவரே மறுநாள் பைக்கில் வந்து, காசு வாங்காமல் மாற்றினார். வெளிநாட்டு மெஷினுக்கு இதே வளையம் வர ஏழு வாரம் காத்திருந்திருக்கிறோம்.

கடையில் வாங்கும் கல்ச்சர் டிஷ் மட்டுமே பயன்படுத்துகிறவர்களுக்கு இது வேண்டாம். அவை ஃபாக்டரியிலேயே பக்குவம் செய்யப்பட்டு வருபவை. சொந்தமாகத் தகடு ஊற்றுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். காற்றை உறிஞ்சும் பம்பை மட்டும் வேறு அறையில் வையுங்கள், கிரைண்டர் சத்தம்.