ரூ.10,490 போச்சு: தள்ளுபடி இணையக் கடையில் இன்வெர்ட்டர் பேட்டரி வாங்க நினைப்பவர்களுக்கு

இன்று மதியம் மின்னஞ்சல் வந்தது. “உங்கள் புகார் தீர்க்கப்பட்டு மூடப்பட்டது.” என்ன தீர்த்தார்கள்? பணம் வரவில்லை, மாற்றுப் பேட்டரி வரவில்லை, வந்த குப்பையை எடுத்துப் போகவும் ஆள் வரவில்லை. ரூ.10,490 போனது போனதுதான் என்பதை இப்படி மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். மழைக்காலம் வருகிறது, நம் ஊரில் இன்னும் எத்தனையோ பேர் இதே பொருளை இதே மாதிரி இடத்தில் தேடிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு உதவும்படி என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப்போகிறோம், அதற்கு முன்னால் வேறு வம்பு வேண்டாம் என்று தம்பி சொல்கிறான். அடையாளம் மட்டும் சொல்கிறேன். மற்ற இடங்களைவிட ஆயிரக்கணக்கில் குறைத்து விலை போடுகிற வகை. ஆப்பைத் திறந்ததுமே ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடும். “இன்னும் 3 மட்டுமே உள்ளது” என்று சிவப்பில் காட்டும். பொருளை விற்பது எங்கோ இருக்கிற யாரோ ஒரு விற்பனையாளர், பணத்தை வாங்கிக்கொள்வது மட்டும் இவர்கள். பணம் கட்டும் வரைக்கும் அந்த வித்தியாசம் எங்கேயும் பெரிதாகத் தெரியாது. பிரச்சினை என்று போனால் முதல் வரியிலேயே அதைத்தான் சொல்வார்கள்.

கடலூர்க்காரர்களுக்கு இன்வெர்ட்டர் எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் அடித்துப் போட்டபின் கரண்டுக்காக நாம் காத்துக் கிடந்ததை யார் மறப்பார்கள்? 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்தது, அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம். எங்கள் வீட்டில் இன்னொரு காரணமும் உண்டு. அம்மாவுக்கு ஆஸ்துமா. மூச்சு இழுக்க ஆரம்பித்தால் மருந்தை மூச்சோடு உள்ளே ஏற்றும் நெபுலைசர் கருவி வைத்தே ஆக வேண்டும், அது கரண்டில் ஓடுவது. பழைய பேட்டரியில் தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பார்த்தும் சார்ஜ் நிற்காமல் போனதால், ஐப்பசி பிறப்பதற்குள் புதுசு போட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தோம்.

திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் ஒரு கடையில் கேட்டோம். 150 ஏ.எச். (எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்ற அளவு) ட்யூபுலர் பேட்டரி ரூ.15,500, பழையதைக் கொடுத்தால் அதற்கு ஒரு தொகை கழிப்போம், வீட்டுக்கு வந்து மாட்டித் தருவோம் என்றார்கள். அந்த இணையக் கடையில் அதே கம்பெனி, அதே அளவு, ரூ.10,490. ஐந்தாயிரம் வித்தியாசம் எங்கள் மாதிரி வீட்டுக்குப் பெரிய காசு.

சும்மா பார்த்ததும் பணத்தைக் கட்டிவிடவில்லை. ஆப்பிலேயே இருந்த வாடிக்கையாளர் சேவை எண்ணில் முதலில் பேசினேன். எடுத்த பெண் அவ்வளவு அழகாகத் தமிழ் பேசினாள். “கடலூரா மேடம்? எங்க அம்மா ஊர் பண்ருட்டிதான்” என்றாள். அம்மாவின் ஆஸ்துமாவைப் பற்றிச் சொன்னேன். நெபுலைசர் எத்தனை வாட்ஸ் என்று கேட்டு, ஒரு ஃபேன், ரெண்டு எல்.ஈ.டி. விளக்கு, நெபுலைசர் எல்லாம் போட்டால் ராத்திரி முழுக்கத் தாங்கும் என்று கணக்குப் போட்டும் சொன்னாள். “கம்பெனி வாரண்டி இருக்கு மேடம். ஏதாவது சரியில்லைன்னா ஏழு நாளைக்குள்ள சொல்லுங்க, நாங்களே வந்து எடுத்துக்கிட்டு முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துடுவோம். அம்மாவுக்குன்னு சொல்றீங்க, நான் பொய் சொல்வேனா?”

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் வாங்கினேன். விலைக்காக மட்டும் என்றால் இன்னும் ரெண்டு நாள் யோசித்திருப்பேன். பண்ருட்டிப் பெண், நம் ஊர்ப் பேச்சு, அம்மா என்று சொன்னதும் குரலே இளகிப் போனது. யாராக இருந்தாலும் நம்புவார்கள். நம்ப வைப்பதற்கென்றே அப்படிப் பேசச் சொல்லிக் கொடுக்கிறார்களோ என்று இப்போது தோன்றுகிறது. அவள் பண்ருட்டிதானா என்பதே எனக்குச் சந்தேகம்.

பேட்டரி வந்த அன்று ஒரு பையன் தனியாகவே தூக்கிக்கொண்டு படியேறி வந்தான். ஓ.டி.பி. சொன்னால்தான் இறக்கி வைப்பேன் என்றான், பிரித்துப் பார்க்க விடவில்லை, அடுத்த டெலிவரிக்கு நேரமாகிறது என்று பறந்தான். அவனைக் குறை சொல்லவில்லை, அவனுக்கு யாரோ கடிகாரம் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஆசிட் ஊற்றிய 150 ஏ.எச். ட்யூபுலர் பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும், ஒல்லியான ஒரு பையன் ஒற்றை ஆளாக மாடிக்குத் தூக்கி வர முடியாது. இது எனக்குப் பிறகுதான் எலக்ட்ரீஷியன் சொல்லித் தெரிந்தது.

இரண்டு மூன்று நாளிலேயே ஒரு ராத்திரி கரண்ட் போனது. அம்மாவுக்கு நெபுலைசர் வைத்துக்கொண்டிருந்த நேரம். ஃபேன் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது, இன்வெர்ட்டர் கத்தியது, எல்லாம் நின்றுவிட்டது. முழு ராத்திரி தாங்கும் என்று அவள் சொன்ன பேட்டரி ஒரு மணி நேரம் கூடத் தாங்கவில்லை. பாதி மருந்து குப்பியிலேயே இருக்க, அம்மா உட்கார்ந்தபடி இழுத்த இழுப்பை என்னால் எழுத முடியாது. ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினோம். அவர் பிழைத்து எழுந்தது கடவுள் புண்ணியம். ரூ.10,490 போனதைவிட என்னை எரிக்கிறது அந்த ராத்திரிதான்.

மறுநாள் எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் பையன் வந்து பார்த்தான். டெர்மினலைத் தொட்டுப் பார்த்தவுடனே முகம் மாறிவிட்டது. “அக்கா, இதுல ஏற்கெனவே ஸ்பேனர் போட்ட தடம் இருக்கு பாருங்க. இது புதுசு இல்ல.” சார்ஜ் ஏறி நிற்கும் நல்ல பேட்டரி 12.7 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும், இது ஃபேனைப் போட்டதும் 11-க்குக் கீழே போனது. ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வைத்து ஆறு செல்லையும் பார்த்தான், ரெண்டு செல் செத்துக் கிடந்தது. அப்புறம் பக்கவாட்டு ஸ்டிக்கரின் மூலையை நகத்தால் கிளப்பினான். அடியில் இன்னொரு ஸ்டிக்கர். அதில் 100 ஏ.எச். என்று இருந்தது. பழைய பேப்பர் கடைத் தராசில் ஏற்றிப் பார்த்தோம், 34 கிலோ. வாரண்டி அட்டையில் இருந்த எண்ணும் பேட்டரி மேல் அடித்திருந்த எண்ணும் வேறு வேறு. யாரோ தூக்கிப் போட்ட பழைய பேட்டரியைத் துடைத்து, மேலே புது ஸ்டிக்கர் ஒட்டி எங்கள் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இதில் தவறுதலாக நடந்தது எதுவும் இல்லை. ஒருவர் உட்கார்ந்து செய்த வேலை.

ஏழு நாள் முடிவதற்கு நிறைய நேரம் இருந்தது. உடனே புகார் போட்டேன். படம், வீடியோ, தராசில் எடை, ரெண்டு ஸ்டிக்கர், எல்லாம் அனுப்பினேன். அதற்கப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வரிசையில்தான் உங்களையும் இழுத்தடிப்பார்கள்.

முதலில் ஆப்பில் ஒரு தானியங்கி அரட்டை. “உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், 24 முதல் 48 மணி நேரத்தில் தொடர்பு கொள்வோம்.” யாரும் கூப்பிடவில்லை. நானே கூப்பிட்டால் பத்திருபது நிமிடம் பாட்டு ஓடிவிட்டு லைன் துண்டிக்கப்படும். ஒருவழியாக எடுத்த ஆள், பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருந்தால்தான் பார்க்க முடியும் என்றார். எங்களிடம் அப்படி ஒரு நிபந்தனையை யாரும் சொல்லவில்லையே என்றேன். “பாலிசியில இருக்கு மேடம்.” அடுத்த முறை இன்னொருவர். எல்லாக் கதையையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அவர் பிக்கப் போட்டுவிட்டேன் என்றார். நாங்கள் மாறி மாறி வீட்டிலேயே காத்திருந்தோம். சாயந்திரம் செய்தி வருகிறது: “வாடிக்கையாளர் வீட்டில் இல்லாததால் பிக்கப் ரத்து.” அம்மா வாசல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார்! யாரும் வரவே இல்லை.

அதைக் கேட்டதற்குத்தான் எனக்கு உச்சக்கட்டப் பதில் கிடைத்தது. “பேட்டரியில ஆசிட் இருக்கு மேடம், அபாயகரமான பொருள். கூரியர்ல ரிட்டர்ன் எடுக்க முடியாது.” அதே ஆசிட் பேட்டரியை நீங்கள்தானே கூரியரில் அனுப்பினீர்கள் என்றேன். பதில் இல்லை, மறுபடியும் அந்தப் பாட்டு. விற்பனையாளரிடம் பேசுங்கள் என்று ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்தார்கள், அந்த முகவரிக்கு அனுப்பியது அப்படியே திரும்பி வந்தது. இதற்குள் ஏழு நாள் ஓடிப்போனது. ஓடிய மறுநாளே குரல் மாறிவிட்டது. “ரிட்டர்ன் காலம் முடிஞ்சிடுச்சே மேடம்.” நான் காலத்துக்குள் புகார் போட்டது அவர்கள் திரையிலேயே இருக்கிறது. மேலதிகாரியைக் கேட்டேன், மீட்டிங்கில் இருக்கிறார். பண்ருட்டிப் பெண்ணின் பெயரைச் சொல்லிக் கேட்டேன், அப்படி யாரும் இல்லை என்றார்கள். கடைசியில் பெரிய மனது வைத்து, 500 ரூபாய்க்கு ஒரு கூப்பன், அதையும் அங்கேயே செலவழிக்க வேண்டுமாம். ரூ.10,490 வாங்கிக்கொண்டு 500 ரூபாய்க்குக் கூப்பன்.

யு.பி.ஐ.யில் கட்டியதால் வங்கியும் கையை விரித்துவிட்டது. நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பிய பணம், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள்.

இதெல்லாம் போதாது என்று ஒரு நாள் ஒருவன் கூப்பிட்டான். ஆர்டர் எண், பொருள், தொகை எல்லாம் சரியாகச் சொன்னான். ரீஃபண்ட் ரெடி, ஒரு ஆப் இறக்குங்கள், நான் அனுப்பும் க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள் என்றான். போனை வைத்துவிட்டேன். யு.பி.ஐ.யில் நமக்குப் பணம் வர, பின் நம்பர் போட வேண்டிய தேவையே கிடையாது. ஆனால் என் ஆர்டர் விவரம் அவனுக்கு எப்படிப் போனது? அதையும் அந்தக் கடையிடம் கேட்டேன். “பாதுகாப்பாக இருங்கள்” என்று ஒரு பதில்.

சட்டம் இவர்கள் சொல்கிற மாதிரி இல்லை என்பதைத் தம்பி தேடிக் கொடுத்தபின் தெரிந்துகொண்டேன். 2020-இன் மின்வணிக விதிகள்படி, குறைபாடுள்ள பொருள், போலிப் பொருள், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருள் என்றால் விற்பனையாளர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. குறை தீர்க்கும் அலுவலர் ஒருவரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். இந்தக் கடையின் ஆப்பில் அந்தப் பெயரைக் கண்டுபிடிக்கவே பக்கம் பக்கமாகத் தோண்ட வேண்டியிருந்தது. அவருக்கு அனுப்பியதற்கு வந்த பதில்தான் இன்றைய “தீர்க்கப்பட்டு மூடப்பட்டது.”

சரி, சொல்கிறேன் என்று சொன்னவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், எனக்கு மனு எழுதுகிற வேலை கிடக்கிறது. பேட்டரி மாதிரிக் கனமான பொருளை முடிந்தவரை நம் ஊர்க் கடையிலேயே வாங்குங்கள், சண்டை போட ஒரு வாசலாவது இருக்கும். இணையத்தில்தான் வாங்குவேன் என்றால் ஓ.டி.பி. சொல்வதற்கு முன்னால் போனில் வீடியோவை ஓட விடுங்கள், எடை பாருங்கள், ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள், வாரண்டி எண்ணை ஒப்பிடுங்கள். போனில் அவர்கள் தரும் வாக்குறுதி எதையும் எழுத்தில் வாங்காமல் விடாதீர்கள். சேவை எண்ணைக் கூகுளில் தேடவே தேடாதீர்கள், அங்கே உட்கார்ந்திருப்பது வேறு திருடன். அவனிடம் பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். கடையோடு தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருளின் விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தபடியே தாக்கல் செய்யலாம்.

அந்தப் பேட்டரியை நான் தூக்கிப் போடவில்லை, போடவும் மாட்டேன். ரெண்டு ஸ்டிக்கரோடு அது சாட்சிக்கு நிற்கும். கடலூர், பண்ருட்டி, நெல்லிக்குப்பம், புதுச்சேரி பக்கம் வேறு யாருக்காவது தள்ளுபடி விலையில் இதே மாதிரி ஸ்டிக்கர் மாற்றிய பேட்டரி வந்திருந்தால், இப்போதே போய் மூலையைக் கிளப்பிப் பாருங்கள். இருந்தால் பில்லையும் படத்தையும் பத்திரப்படுத்திவிட்டு எனக்குச் சொல்லுங்கள். திங்கட்கிழமை மனுவைத் தாக்கல் செய்கிறேன்.