"கூசுதா? நச்சு வெளியேறுது சார்!"

டீக்கறை போக்கப் போய் மூன்று பல்லில் பள்ளம் வாங்கி வந்திருக்கிறேன். போன வருஷம் எங்கள் ஊர்ப் பொருட்காட்சியில் ஒரு கடை. சிரட்டைக் கரியும் உப்பும் கலந்த பற்பொடி, டப்பா 180 ரூபாய். கூடவே முரட்டு பிரஷ் ஒன்று இலவசம். "ஆலும் வேலும் பல்லுக்குறுதின்னு சும்மாவா சொன்னாங்க? நல்லா அழுத்தித் தேய்ங்க சார்" என்றார் கடைக்காரர். டப்பாவுக்குள் ஆலும் இல்லை, வேலும் இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

இரண்டு வாரத்தில் கறை போனது, பொய் சொல்லக் கூடாது. அந்த உற்சாகத்தில் பித்தளைச் செம்பு விளக்குவது மாதிரி தினமும் விளக்கினேன். நாலாவது மாதம் மோர் குடித்தால் இடப்பக்கம் சுரீர். டப்பாவில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். "கூசுதா? நச்சு வெளியேறுது சார். ராத்திரியும் ஒரு தடவை தேய்ங்க." தேய்த்தேன். இத்தனைக்கும் படித்தவன்.

கடைசியில் பல் டாக்டர் கைக்கண்ணாடியைக் கொடுத்து, "ஈறு ஓரமா நகத்தை வச்சு இழுத்துப் பாருங்க" என்றார். கோரைப்பல்லிலும் அதற்கு அடுத்த இரண்டிலும் நகம் மாட்டியது. ஆப்பு வெட்டின மாதிரி பள்ளம். "வலது கையாலதானே தேய்க்கிறீங்க?" என்று சிரித்தார். அப்படித் தேய்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் இடப்பக்கம்தான் அழுத்தம் அதிகமாம். ஈறு விலகி வேர் வெளியே தெரிகிறது. வேருக்கு எனாமல் கவசம் கிடையாது, சொரசொரப்பான பொடி சுலபமாக அரித்துவிடும். எனாமல் தேய்ந்த இடத்திலோ உள்ளிருக்கும் மஞ்சள் டென்டின் எட்டிப் பார்க்கும். மஞ்சளைப் போக்கக் காசு கொடுத்து மஞ்சளைத் தோண்டி எடுத்திருக்கிறேன்!

பள்ளத்தை அடைக்க நாலாயிரத்துச் சொச்சம். விலகிய ஈறு தானாகத் திரும்ப வளராது என்று சொல்லிவிட்டார். கடைக்காரர் இப்போது போனை எடுப்பதில்லை. டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் உரிம எண் இல்லை, தயாரித்தவர் முகவரி இல்லை, என்ன சேர்த்தார்கள் என்றும் இல்லை. வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டும்.

இப்போது சாஃப்ட் பிரஷ், ஃப்ளோரைடு பேஸ்ட். பேனா பிடிக்கிற மாதிரி பிடித்து, ஈறு ஓரத்தில் 45 டிகிரி சாய்த்து, சின்னச் சின்ன அசைவாக 2 நிமிடம். உங்கள் பிரஷ்ஷின் நார் ஒரே மாதத்தில் விரிந்து போகிறதா? நீங்களும் என்னைப் போல அழுத்துகிறீர்கள்.

நேற்று பொருட்காட்சிப் பக்கம் போனேன். அதே கடை, அதே ஆள், இலவச பிரஷ்ஷும் உண்டு. டப்பா மட்டும் பச்சை நிறத்துக்கு மாறியிருக்கிறது. விலை 220.