மூன்று வருடம் தங்கம் அரித்த அனுபவம்: எது கைகொடுத்தது, எது வீண்?

மூன்று வருடத்தில் ஏறக்குறைய நாற்பது ஞாயிற்றுக்கிழமைகள். கோலாலம்பூர் செந்தூலில் விடியற்காலை கிளம்பி, காராக் நெடுஞ்சாலையில் ஏறி, பெந்தோங் தாண்டி, பகாங் மாநிலத்து ரவூப் பக்கத்து ஓடை ஒன்றுக்குப் போய் வருகிறேன். இதுவரை சேர்ந்த தங்கம் 1.9 கிராம். கால் பவுன்கூட முழுதாக வரவில்லை. கருவிகளுக்கு நான் போட்ட பணம் 2,300 வெள்ளியை (ரிங்கிட்) தாண்டும். ஆனால் அந்த 1.9 கிராமில் பெரும்பங்கைத் தந்தவை 200 வெள்ளிக்குள் வாங்கிய சில்லறைச் சாமான்கள்தான். புதிதாக ஆசைப்பட்டு இறங்குகிறவர்கள் நான் வாங்கிய வரிசையில் வாங்கிவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் முதலில் வாங்கியது உலோகம் கண்டறியும் கருவி. 1,400 வெள்ளி. காணொளிகளில் ஆஸ்திரேலியாக்காரர்கள் கட்டி கட்டியாக எடுப்பதைப் பார்த்த மயக்கம். நம் ஊர்ச் செம்மண்ணில் இரும்புச் சத்து அதிகம். கருவியைத் தரையில் காட்டினாலே கத்துகிறது. உணர்திறனைக் குறைத்து வைத்தால் சின்னத் துணுக்குகளும் அதோடு சேர்ந்து மறைந்துவிடும். அதைவிடப் பெரிய விஷயம், நான் போகும் ஓடையில் கிடைப்பது ரவையைவிடப் பொடியான தங்கத் தூள். அந்தத் தூளை இந்த வகைக் கருவி உணரவே உணராது. நான்கு மாதம் போராடிவிட்டுப் பாதி விலைக்கு விற்றேன். கருவியில் பழுது எதுவும் இல்லை. தங்கத்தின் பருமன் தெரியாமல் வாங்கியது என் தவறு.

பிறகு வாங்கியது 14 அங்குல பிளாஸ்டிக் டூலாங் (மணலை அலசித் தங்கம் அரிக்கும் தட்டு), 55 வெள்ளி. ஒரு பக்கச் சரிவில் வரிவரியாகப் படிகள் இருக்கும். அதை அம்மாவிடம் காட்டியதும், "இது அரிக்கன்சட்டி மாதிரியில்ல இருக்கு" என்றார். அதேதான். அரிசியைத் தண்ணீரோடு அலசி வழியவிட்டால் கல் உள்வரிகளில் தங்கிவிடுமே, தங்கமும் அப்படித்தான் தங்குகிறது. மணலில் பெரும்பகுதியான குவார்ட்ஸ் தண்ணீரைப்போல் சுமார் 2.65 மடங்கு கனம். தங்கம் 19.3 மடங்கு. டூலாங்கை முழுக்கத் தண்ணீருக்குள் வைத்து இடமும் வலமுமாகக் குலுக்கினால் கனமானது அடிக்குப் போகும். அதன்பின் சாய்த்து, மேல் மணலை மட்டும் வழித்துவிட வேண்டும். நான் அவசரப்பட்டு உலுக்குவதைப் பார்த்து அம்மா சொன்னார்: "கைய வேகமா ஆட்டாதடா, தண்ணிய ஆடவிடு. கல்லு தானா கீழ போகும்."

ஓடைக்குப் போகுமுன் வீட்டிலேயே பழக ஒரு வழி இருக்கிறது. தூண்டிலுக்குக் கட்டும் ஈயக்குண்டைச் சுத்தியலால் தட்டையாக்கி, பொடித் துணுக்குகளாக நறுக்கி, பத்தை எண்ணி ஒரு வாளி மணலில் கலந்துவிடுங்கள். ஈயம் தங்கத்தைவிட இலேசு, 11.3 மடங்குதான். அது தப்பாமல் நின்றால் தங்கமும் நிற்கும். எனக்கு முதல் நாள் நான்கு துணுக்குதான் மிஞ்சியது. மூன்று வாரம் கழித்துத்தான் பத்துக்குப் பத்து வந்தது. முடித்ததும் சோப்புப் போட்டுக் கையை நன்றாகக் கழுவுங்கள், ஈயம் உடம்புக்கு ஆகாது.

புது டூலாங்கில் தொழிற்சாலை எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். அதைத் தேய்த்துக் கழுவாமல் நான் முதல் தடவை இறங்கினேன். கடைசியில் மிஞ்சும் கனமான கருமணல் வாலாக நீண்டு நின்ற இடத்தில் மூன்று மஞ்சள் பொட்டுகள் தெரிந்தன. அடுத்த அலையில் அவை தண்ணீர் மேல் மிதந்து விளிம்பைத் தாண்டிப் போய்விட்டன. அத்தனை கனமான பொருள் மிதப்பதைக் கண்ணால் பார்த்தாலும் நம்பமுடியவில்லை. பிசுக்குப் பட்ட தூளைத் தண்ணீரின் மேற்பரப்பே தாங்கிப் பிடித்துக்கொள்கிறது. இப்போது வீட்டுக்குக் கொண்டுவரும் கருமணலை அலசும்போது வாளித் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விடுகிறேன். ஓடையில் அது வேண்டாம்.

சல்லடை இரண்டு வைத்திருக்கிறேன், அங்குலத்துக்கு 8 கண்ணும் 30 கண்ணும். கூழாங்கல்லும் தூளும் ஒன்றாகக் கிடந்தால், கல்லைத் தள்ளும் வேகத்தில் தூளும் போய்விடும். சலித்துத் தனித்தனியாக அலசுங்கள். அமுக்கி உறிஞ்சும் சின்னப் புட்டி 12 வெள்ளி. அது இல்லாமல் நகக்கண்ணால் தங்கம் பொறுக்கிய காலத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. பிளாஸ்டிக் பையில் சுற்றிய காந்தம் கருமணலில் ஒரு பகுதியை இழுத்துக்கொள்ளும். வெள்ளீயத் தாது (டின்) காந்தத்துக்கு வராது, கனமும் சுமார் 7 மடங்கு என்பதால் தங்கத்தோடு கடைசிவரை ஒட்டிக்கொண்டு நிற்கும். கோலாலம்பூரையே உருவாக்கிய தாது அது. டூலாங் பிடித்து அதை அலசிய பெண்களின் கைப்பழக்கத்தை இப்போது மரியாதையோடு நினைக்கிறேன்.

இரண்டாம் வருடம் அலுமினிய ஸ்லூஸ் பெட்டி ஒன்று வாங்கினேன், 380 வெள்ளி. ஓடைத் தண்ணீரில் சாய்த்து வைத்து மண்ணைப் போட்டுக்கொண்டே இருக்கலாம், டூலாங்கைவிடப் பலமடங்கு மண் ஓடும். ஓர் அடி நீளத்துக்கு ஓர் அங்குலச் சரிவில் தொடங்கி, தண்ணீரின் வேகத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைக்க வேண்டும். என் பெட்டியின் குறுக்குத் தடுப்புகள் உயரமானவை, பருமனான தங்கத்துக்கு ஏற்றவை. அது தெரியாமல் இரண்டு மாதம் நம்பிக்கையோடு மண் போட்டேன். ஒருநாள் பெட்டியின் வாலில் விழுந்த மணலை டூலாங்கில் அலசிப் பார்த்தேன். ஏழு பொட்டுகள்! பெட்டிக்குள் அன்று நின்றதே ஒன்பதுதான். தடுப்புகளைக் கழற்றிவிட்டு, நுண்வரிகள் கொண்ட ரப்பர் பாய் விரித்த பிறகு வாலில் அநேகமாக ஒன்றும் போவதில்லை. எந்தப் பெட்டி வாங்கினாலும் அதன் கழிவை அலசிப் பாருங்கள். விற்பவர் சொல்வதைவிட அது சரியாகச் சொல்லும்.

12 வோல்ட் பம்பு 260 வெள்ளி. அதையும் பேட்டரியையும் காட்டுவழியில் சுமக்க என் முதுகு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு முறைக்கு மேல் எடுத்துப் போகவில்லை.

பாதரசம் வைத்தால் தூள் எல்லாம் ஒன்றாகச் சேரும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். அதைச் சூடாக்கும்போது வரும் ஆவி நரம்பைக் கெடுக்கும், ஆற்றில் சேர்ந்தால் மீனுக்குள் போய் நம் தட்டுக்கே வரும்.

இன்னொன்று, எதையும் வாங்குமுன் அனுமதியை விசாரியுங்கள். 1889-இல் வெள்ளைக்காரக் கம்பெனி சுரங்கம் தொடங்கிய ஊர் ரவூப். ஒரு டூலாங் மணலுக்கு ஒரு கைப்பிடி (மலாயில் 'ராவுப்') தங்கம் கிடைத்ததால்தான் அந்தப் பெயர் வந்தது என்று கதை சொல்வார்கள். அதற்காக நினைத்த இடத்தில் இறங்கிவிட முடியாது. கனிமம் மாநில அரசின் அதிகாரத்தில் இருக்கிறது, நிலத்துக்காரர் தலையாட்டினால் மட்டும் போதாது. நான் மாவட்ட நில அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் டூலாங்கை நனைத்தேன். எந்த முறைக்கு அனுமதி என்று தெரிந்தால் எந்தக் கருவி தேவை என்பதும் தெரிந்துவிடும். மலைமேல் மழை இருட்டினால் உடனே கரையேறிவிடுவேன், கெப்பாலா ஆயர் (மலையிலிருந்து திடீரெனப் பாயும் வெள்ளம்) வந்தால் ஓட நேரம் இருக்காது. காலில் காயம் இருக்கும் வாரம் போவதில்லை, எலிக் காய்ச்சல் பயம்.

போன மாதம் மஸ்ஜித் இந்தியா பக்கம் தெரிந்த பத்தர் ஒருவரிடம் குப்பியைக் கொடுத்து நிறுத்தேன். 1.9 என்று சொல்லிவிட்டு, உருக்க வேண்டாம், தூளாகவே இருக்கட்டும் என்று அவரே திருப்பித் தந்தார். குப்பி இப்போது சாமி மேடையில் இருக்கிறது. உறிஞ்சு புட்டியின் முனைதான் வெடித்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு வாங்க வேண்டும்.