மொத்தப் பார்ட்டியும் செத்த பிறகு வரும் பத்து விநாடி

ஆன்லைன் கேம் ஒன்றில் இருக்கும் ஆட்கள் எப்படிப்பட்டவர்கள் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரே வழிதான் தெரியும். நாலு பேர் ஒரு பார்ட்டியாக, அதாவது ஒரு குழுவாக, எதிரிகள் நிறைந்த டன்ஜனுக்குள் போய், அங்கே இருக்கும் பெரிய எதிரியான பாஸிடம் அடி வாங்கி, நாலு பேரும் தரையில் கிடக்கும்போது அடுத்த பத்து விநாடியில் சாட் பெட்டியில் என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். கிராஃபிக்ஸ், கதை, சந்தா எல்லாம் அப்புறம்.

நான் 2009-ல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் தொடங்கியவன். நடுவில் கில்ட் வார்ஸ் 2, இரண்டு மாதம் ஈவ் ஆன்லைன், 2015 முதல் ஃபைனல் ஃபேண்டஸி 14. மொத்தம் எவ்வளவு நேரம் போயிருக்கும் என்று கேட்காதீர்கள். கேமில் அதற்கென்று ஒரு கமாண்ட் இருக்கிறது. அடித்துப் பார்த்தேன், கணக்கை மணியில் சொல்லாமல் நாளில் சொன்னது. லேப்டாப்பை மூடிவிட்டேன்.

ஃபைனல் ஃபேண்டஸியில் முதன்முதலாக ஹீலராக, அதாவது மற்றவர்களின் உயிரை ஏற்றிவிடுகிறவனாக, போன இரவு இன்னும் ஞாபகம் இருக்கிறது. காப்பர்பெல் என்ற சுரங்கம், புதியவர்கள் போகும் டன்ஜன்தான். கியூர் மந்திரத்தை அழுத்தினால் உடனே வேலை செய்யாது. திரையில் ஒரு கோடு நிரம்பும்வரை நின்ற இடத்தில் நிற்க வேண்டும், ஓர் அடி நகர்ந்தால் போச்சு. எனக்கு அது மண்டையில் ஏறவே இல்லை. அடி விழப்போகும் இடத்தைக் காட்டும் ஆரஞ்சு வட்டம் தரையில் வந்தால் ஓடுவேன், கோடு பாதியில் அறுந்துவிடும். மறுபடி அழுத்துவேன், மறுபடி ஓடுவேன். எங்களுக்காக முன்னால் நின்று அடி வாங்கும் டேங்கின் உயிர்க்கோடு குறைந்துகொண்டே போனதை வேடிக்கை பார்த்ததுதான் மிச்சம். அவர் விழுந்தார், பின்னாலேயே நாங்கள் மூன்று பேரும்.

சாட்டில் கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு டேங்க் எழுதினார்: "மன்னிக்கணும், ரெண்டு எதிரிக் கும்பலைச் சேர்த்து இழுத்துட்டேன், என் தப்பு." அவர் மேல் தப்பே இல்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "இனிமே ஒவ்வொரு கும்பலா இழுக்கிறேன், நிதானமா வாங்க" என்றார். அன்று போட்ட நட்பு அழைப்பு ஐந்து வருடம் ஓடியது.

அதற்கு ஐந்து வருடம் முன்னால், வார்கிராஃப்ட்டில் இதே மாதிரி ஒரு சாவு. அங்கே நான் டேங்க். வழி தெரியாமல் தப்பான மூலையில் திரும்பி இன்னொரு கூட்டத்தையும் இழுத்து வந்துவிட்டேன். யாரும் திட்டக்கூட இல்லை. என்னை வெளியேற்ற ஒரு வாக்கெடுப்பு நடந்திருக்கும் போல, திரையில் லோடிங் படம் வந்தது, நான் ஊருக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

இங்கே நல்லவர்கள், அங்கே கெட்டவர்கள் என்று இதை வைத்து முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஃபைனல் ஃபேண்டஸியில் பார்ட்டிக்குள் யாராவது அந்த டன்ஜனுக்குப் புதிது என்றால், முதலிலேயே அறிவிப்பு வந்துவிடும். முடித்தால் எல்லோருக்கும் கூடுதல் பரிசு. முடிவில் ஒருவருக்கொருவர் பாராட்டு ஓட்டு போடலாம், ஓட்டு சேர்ந்தால் அதற்கும் பட்டம் கிடைக்கும். நல்ல மனசுக்குக் கூலி வைத்திருக்கிறார்கள். அந்த டேங்க் கூலிக்காகப் பேசினார் என்று சொல்லவில்லை. கூலி இல்லாத ஊரில் அதே ஆள் என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

வார்கிராஃப்ட்டில், பட்டனை அழுத்தினால் தானே ஆள் சேர்த்துக் கொடுக்கும் டன்ஜன் ஃபைண்டர் 2009 டிசம்பரில் 3.3 என்ற புதுப்பிப்போடு வந்தது. அதற்கு முன்னால் டலரன் நகரத்தில் நின்றபடி "ஹீலர் வேணும், ஒரே ஆள்தான் பாக்கி" என்று முக்கால் மணி நேரம் கூவ வேண்டும். ஆள் சேர்ந்ததும் இரண்டு பேர் முன்னால் பறந்துபோய், வாசலில் இருக்கும் கல்லைத் தொட்டு மற்றவர்களை வரவழைப்பார்கள். அதற்குள் ஒருவருக்கு போன் வரும், அவர் போய்விடுவார், மறுபடி கூவல். பெரிய எரிச்சல்தான். ஆனால் அந்த எரிச்சலுக்குள் பேர் தெரிந்துவிடும். நல்ல ஹீலர் கிடைத்தால் விடமாட்டோம். லூட்டை, அதாவது எதிரி விழுந்தால் கிடைக்கும் பொருளை, சுருட்டிக்கொண்டு ஓடினவன் பேர் அன்று இரவே சர்வர் முழுக்கப் பரவிவிடும், அப்புறம் அவனை எந்தப் பார்ட்டியும் சேர்க்காது. ஃபைண்டர் வந்தபின் பல சர்வர்களிலிருந்து ஆட்களைக் கலந்து கொடுத்தது. இருபது நிமிடம் சேர்ந்து ஆடுவோம், பிறகு ஜென்மத்துக்கும் பார்க்கமாட்டோம். அப்படிப்பட்டவரிடம் எதற்கு மரியாதை என்று தோன்றுவது மனித சுபாவம்.

2010 அக்டோபரில் அந்த கேமுக்கு 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர்கள் இருந்தார்கள், அதுதான் உச்சம். பிறகு இறங்கியதற்கு ஃபைண்டர்தான் காரணம் என்று பழைய ஆட்கள் சத்தியம் செய்வார்கள். நான் முழுசாக ஏற்கமாட்டேன். திட்டிக்கொண்டே தினமும் அதன் பட்டனைத்தான் அழுத்தினேன். அவர்களும் அதைத்தான் செய்தார்கள்.

2019 ஆகஸ்டில் வார்கிராஃப்ட் கிளாசிக் வந்தது. ஃபைண்டர் இல்லாத, 2004-ல் தொடங்கிய பழைய கேம் அப்படியே. ஆசையாகப் போனேன். முதல் பத்து நாள் சொர்க்கம். ஒரு குகைப் பன்றியை அடிக்க வரிசையில் நின்று ஊர்க்கதை பேசினோம். உச்சமான லெவல் 60 வந்ததும் கதை மாறியது. எல்லா பாஸுக்கும் விடை எல்லோருக்கும் பதினைந்து வருடமாகத் தெரியும். உலகத்தில் அங்கங்கே கிடைக்கும் தற்காலிக பலங்களை வாரம் பூராவும் சேர்த்துக்கொண்டு, அது தீர்ந்துவிடக் கூடாதே என்று கேரக்டரை லாக்-அவுட் செய்து வைத்திருப்பார்கள், பெருங்கூட்டமாகப் போய் பாஸை அடிக்கும் ரெய்டு நேரத்துக்கு மட்டும் உள்ளே வருவார்கள். விளையாடாமல் இருப்பதற்காக விளையாடுகிறோமா என்று கில்டில், அதாவது நாங்கள் எப்போதும் சேர்ந்து ஆடும் சங்கத்தில், கேட்டேன். சிரிப்பு ஸ்மைலி ஒன்றுதான் பதில். பழைய சர்வரைத் திரும்பக் கொடுக்கலாம், ஒன்றும் தெரியாத பழைய நம்மை யார் கொடுப்பது?

கில்ட் பற்றிச் சொல்லாமல் இந்த அனுபவம் முழுமையாகாது. நாற்பது பேர் ரெய்டு என்பது ஊர் கூடித் தேர் இழுப்பது மாதிரி. பதினைந்து பேர் இழுப்பார்கள், இருபது பேர் கயிற்றைத் தொட்டுக்கொண்டு நடப்பார்கள், மிச்சம் ஐந்து பேர் வேறு ஜன்னலில் படம் பார்ப்பார்கள். பாஸ் விழுந்தால் கிடைப்பது இரண்டு மூன்று பொருள். அதை யாருக்குக் கொடுப்பது? எவர்குவெஸ்ட் என்ற பழைய கேம் காலத்திலேயே இதற்கு டிகேபி என்று புள்ளிக் கணக்கு கண்டுபிடித்துவிட்டார்கள். வந்தால் புள்ளி, பொருள் எடுத்தால் புள்ளி கழியும். எங்கள் கில்டில் அதற்கு ஒரு எக்செல் ஷீட், அந்த ஷீட்டுக்கு ஒரு பொறுப்பாளர், அந்தப் பொறுப்பாளர் மேல் தனியாக ஒரு புகார்ப் பட்டியல். வேலையிடத்தில் நான் இவ்வளவு மீட்டிங்கில் உட்கார்ந்ததில்லை.

வேறொரு கேமில், பேர் வேண்டாம், எல்லோருக்கும் பொதுப் பெட்டகமான கில்ட் வங்கியை ஒருவர் ஒரே இரவில் காலி செய்தார். எட்டு மாதம் எங்களோடு இருந்தவர், குழந்தை பிறந்ததற்கு நாங்கள் எல்லோரும் வாழ்த்துச் சொன்னவர். காலையில் உள்ளே வந்தால் ஆறு தட்டும் வெறுமை. திறக்கும் அனுமதியை நாங்களேதான் கொடுத்திருந்தோம், அதனால் புகார் சொன்னதில் பயனில்லை. போன பொருளை மூன்று வாரத்தில் சேர்த்துவிட்டோம். ஆனால் அதன்பின் புதிதாக யார் சேர்ந்தாலும் தலைவர் மூன்று மாதம் ஒரு அனுமதியும் தரவில்லை, ஜோக் சொன்னால்கூடச் சந்தேகமாகப் பார்த்தார். கில்ட் செத்தது அதில்தான்.

கில்ட் வார்ஸ் 2 இதற்கெல்லாம் நேர் எதிர். 2012-ல் வந்தது, மாதச் சந்தா கிடையாது. ஒரு தாதுப் பாறையை ஐம்பது பேர் வெட்டினாலும் ஐம்பது பேருக்கும் அவரவர் பங்கு தனியாகக் கிடைக்கும். ஒரே மிருகத்தை யார் சேர்ந்து அடித்தாலும் எல்லோருக்கும் லூட். விழுந்து கிடப்பவரை யார் வேண்டுமானாலும் எழுப்பலாம், எழுப்பியவருக்கும் அனுபவப் புள்ளி உண்டு. அதனால் இன்னொரு ஆள் வந்தால் சந்தோஷம்தான், போட்டி இல்லை. உச்ச லெவலை 80-க்கு மேல் ஏற்றவே இல்லை என்பதால் மூன்று வருடம் கழித்து வந்தாலும் பழைய ஆயுதம் வேலை செய்யும். வேலை, குடும்பம் என்று இருப்பவர்களுக்கு இதைவிட நேர்மையான கேம் நான் பார்த்ததில்லை.

ஆனால் ஒன்று. அங்கே நான் ஆடிய மூன்று வருடத்தில் எனக்குப் பேர் ஞாபகம் இருக்கும் ஆள் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் எழுப்பிவிட்டார்கள், நன்றி சொன்னேன், ஓடிவிட்டார்கள். யாரும் யாருக்கும் தேவைப்படாத இடத்தில் சண்டை வராது, சினேகமும் ஒட்டாது. இரண்டையும் ஒரே கேமில் எதிர்பார்ப்பது பேராசை என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

விண்வெளிக் கப்பல் கேமான ஈவ் ஆன்லைனில் எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் தாங்கவில்லை. அங்கே ஏமாற்றுவது விதிமீறலே இல்லை, ஆட்டத்தில் சேர்த்தி. உலகமே கிட்டத்தட்ட ஒரே சர்வர் என்பதால் எதிரி எப்போதும் அதே எதிரிதான். 2014 ஜனவரி 27 அன்று பி-ஆர்5ஆர்பி என்ற நட்சத்திர மண்டலத்தில் நடந்த போரைப் படித்துவிட்டுத்தான் சேர்ந்தேன். ஒரு கூட்டணி தன் இடத்துக்குக் கட்ட வேண்டிய கட்டணம் போகாமல் நின்றுவிட்டது, அதிலிருந்து கிளம்பியது சண்டை. 21 மணி நேரம். கேமிலேயே மிகப் பெரிய ரகமான டைட்டன் கப்பல்கள் 75 நொறுங்கின. நிஜக் காசில் மூன்று லட்சம் டாலர் அளவுக்கு நஷ்டம் என்று கணக்குப் போட்டார்கள். படிக்க அற்புதமாக இருந்தது. உள்ளே போனால் நான் செய்தது பாறையைச் சுரண்டியது. படிப்பதற்கு ஈவ், ஆடுவதற்கு வேறு.

சரி, இப்போது நான் குடியிருக்கும் கேமுக்கு வருகிறேன். ஃபைனல் ஃபேண்டஸி 14 முதலில் 2010-ல் வந்து படுதோல்வி அடைந்தது. நவோகி யோஷிடா தயாரிப்பாளராகப் பொறுப்பேற்று, 2012 நவம்பர் 11 அன்று கேமுக்குள்ளேயே வானத்திலிருந்து ஒரு நிலாவை விழவைத்து, சர்வரை மூடி, முழுசாகத் திரும்பக் கட்டி 2013 ஆகஸ்டில் கொண்டுவந்தார்கள். அந்த முதல் கேமையும் தாங்கிக்கொண்டு ஆடியவர்கள் சிலர் எங்கள் கில்டில் இருந்தார்கள். அவர்களிடம் ஒரு பொறுமை உண்டு. 2021 டிசம்பரில் எண்ட்வாக்கர் என்ற விரிவாக்கம் வந்தபோது கூட்டம் தாங்காமல், புதிதாக விற்பதையே நிறுவனம் நிறுத்திவைத்து, ஏற்கெனவே இருந்தவர்களுக்கு இலவச நாட்கள் கொடுத்தது. கில்டின் டிஸ்கார்ட் அரட்டையில், உள்ளே நுழையக் காத்திருக்கும் வரிசை எண்ணைப் பகிர்ந்து பந்தயம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இந்த கேமின் ஆட்கள் ரொம்ப நல்லவர்கள் என்று எல்லோரும் சொல்வதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மரியாதை நிஜம்தான், ஆனால் கொஞ்சம் பயம் கலந்த மரியாதை. கடுமையாகப் பேசினால் புகார் போகும், தண்டனை வரும். அதனால் ஒருவர் வேண்டுமென்றே சும்மா நின்றாலும் யாரும் வாய் திறப்பதில்லை. கடைசியில் "நன்றி, நல்ல ஆட்டம்" என்று எழுதுவார்கள்; அந்த நன்றிக்குள் பல் கடிக்கும் சத்தம் கேட்கும். புதியவர்களுக்கு வழிகாட்ட வேண்டியவர்கள், தலைக்கு மேல் கிரீடம் மாட்டிய மென்ட்டர்களில் பலருக்கு அவர்கள் ஆடும் வேலையே தெரியாது. இது கேமுக்குள் பழைய ஜோக். புதிதாக வருபவர்களே, கிரீடத்தைப் பார்த்து நம்பிவிடாதீர்கள்.

இன்னொன்று, கேமுக்குள் வாங்கும் வீடு. சர்வரில் மனைகள் குறைவு, ஆசைப்படுகிறவர்கள் அதிகம். 2022 ஏப்ரலுக்கு முன்னால் காலியான மனை எப்போது விற்பனைக்கு வரும் என்பது ரகசியம். பலகைக்கு முன்னால் நின்று கிளிக் செய்துகொண்டே இருக்க வேண்டும், யார் கை முதலில் பட்டதோ அவருக்கு. நான் பதினோரு மணி நேரம் நின்றேன், சாப்பிடும்போது இடது கையால் கிளிக். என் பக்கத்தில் முயல் காதோடு நின்ற ஒரு பெண் கேரக்டருக்குப் போனது மனை. பிறகு லாட்டரி முறை வந்தது. ஆரம்பத்தில் அதிலும் ஒரு பிழை, பல மனைகளில் வெற்றி எண் பூஜ்யம் என்று காட்டியது. சரிசெய்த பிறகு எனக்கு ஒரு சின்ன வீடு விழுந்தது.

ஆளில்லாமல் தானே ஆடும் பாட்களும், நிஜக் காசுக்கு கேம் தங்கம் விற்பவர்களும் எல்லா ஊரிலும் உண்டு. லாஸ்ட் ஆர்க் என்ற கேமில் 2022 மார்ச்சில் ஒரே மூச்சில் பத்து லட்சத்துக்கும் மேல் கணக்குகளை முடக்கினார்கள். அதற்குப் பிறகும் ஊர் நடுவில் ஒரே மாதிரி உடையில் ஒரே வரிசையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். இதைப் பற்றி அதற்கு மேல் சொல்ல எனக்கு ஆர்வம் இல்லை.

ஆட நினைப்பவர்களுக்கு: ஃபைனல் ஃபேண்டஸியில் லெவல் 70 வரை இலவசம், நாள் கணக்குக் கிடையாது. ஆனால் ஒருமுறை காசு கொடுத்து வாங்கிவிட்டால் அந்தக் கணக்கை மறுபடி இலவசத்துக்கு மாற்ற முடியாது, அவசரப்படாதீர்கள். தனியாக ஆடுகிறவர் என்றால் கதையில் வரும் டன்ஜன்களைக் கம்ப்யூட்டர் தோழர்களோடு முடிக்கலாம். நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். அந்தத் தோழர்கள் தப்பே செய்வதில்லை, மன்னிப்பும் கேட்பதில்லை.

என் வீட்டுக்கு வருகிறேன். 45 நாள் நான் உள்ளே நுழையாவிட்டால் கேம் அதை இடித்துவிடும். வாசல் பக்கத்தில் வருகிறவர்கள் எழுத ஒரு புத்தகம் வைத்திருக்கிறேன். அந்தக் காப்பர்பெல் டேங்க், நான் வீடு வாங்கியது கேள்விப்பட்டு, ரொம்ப நாள் கழித்து ஒரே ஒரு நாள் வந்தார். "சின்னதா இருந்தாலும் அழகா இருக்கு. இன்னொரு நாள் நிதானமா வரேன்" என்று எழுதியிருக்கிறார். பிறகு அவர் பேர் ஃப்ரெண்ட் லிஸ்டில் சாம்பல் நிறமாகவே இருக்கிறது, உள்ளே வரவே இல்லை. நான் இப்போது ரெய்டு போவதில்லை, டன்ஜனும் அபூர்வம். ஆனாலும் சந்தாவை நிறுத்தவில்லை. இன்றோடு 41 நாள். இதை முடித்ததும் உள்ளே போய் விளக்கைப் போட்டுவிட்டு வர வேண்டும்.